மனம் அளந்த கதை – 11: நான்கு தேங்காய் என்ன விலை?

சென்ற வாரம் வி. வி. காமத்தை ஒரு கேள்வியோடு நிறுத்திவிட்டு வந்தோம். பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே 1905இல் உருவாக்கிய அறிவுச் சோதனை அமெரிக்கா போனது, ஸ்டான்ஃபோர்டில் திருத்தப்பட்டது, அங்கிருந்து இந்தியா வந்தது. அதைக் கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளுக்காக மாற்றி அமைத்தவர் காமத். 1940இல் அது புத்தகமாகவும் வந்தது. கேள்விகளின் மொழியை அவர் மாற்றினார். கேட்கும் முறை அப்படியே இருந்தது. ஓர் அறை, ஒரு மேசை, எதிரே அறிமுகமில்லாத ஒரு பெரியவர், அவருக்கு ஏற்கெனவே விடை தெரிந்த கேள்வி. அந்த அறைக்குள் வந்து வாயடைத்து நிற்கும் பிள்ளைக்கு அறிவு குறைவா? அல்லது, அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததைக் கேட்க அங்கே ஆள் இல்லையா?

இதைச் சோதித்துப் பார்க்கும் வழியை உளவியல் கண்டுபிடிக்க இன்னும் நாற்பது வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

செம்பூரிலிருந்து மான்குர்த் நோக்கிப் போகும் வி. என். புரவ் மார்க் சாலையில் இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. முதலாவது, தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம். 1936இல் நாக்பாடாவில், சமூகப் பணிக்கான சர் தோராப்ஜி டாடா பள்ளியாகத் தொடங்கி, 1954இல் தேவ்னாருக்கு வந்தது. தொடங்கிய மறுவருடமே, 1937இல், குழந்தைகளுக்கான வழிகாட்டு மையம் ஒன்றை அந்தப் பள்ளி திறந்தது. இந்தியாவில் அந்த வகையில் அதுதான் முதல். படிப்பில் பின்தங்கும் பிள்ளையை அடித்துத் திருத்தாமல் உட்காரவைத்துப் பேசிப் புரிந்துகொள்ளலாம் என்ற நினைப்பு பம்பாயில் வேர்பிடித்த இடம் அது.

இரண்டாவது, அதே சாலையில் மான்குர்தில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒரு பகுதியாக 1974இல் உருவானது. நம் கதைக்கு வேண்டியவர்கள் இங்கிருந்துதான் புறப்படப்போகிறார்கள். அவர்கள் புறப்படுவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே பிரேசிலின் வடகிழக்குக் கரையில், ரெசிஃபே நகரத்துச் சந்தையில், ஒரு பையன் தேங்காய் விற்றுக்கொண்டிருந்தான். முதலில் அவனைப் பார்த்துவிட்டு வருவோம்.

*

அவனுக்கு வயது 12. மூன்றாம் வகுப்பு. ஆய்வுக் கட்டுரையில் அவன் பெயர் வெறும் 'எம்'. ஒரு தேங்காய் 35 குரூசைரோ. வந்தவர் நான்கு தேங்காய் கேட்டார். மூன்றுக்கு 105 என்று பையன் தொடங்கினான். அதோடு 30 சேர்த்து 135 என்றான். ஒரு காய் 35 ஆயிற்றே என்று கொஞ்சம் யோசித்து, 140 என்று முடித்தான்.

சரியான விடை. பத்து தேங்காய் கேட்டபோதும் அவன் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டு முடித்துவிடவில்லை. மூன்று காய்க்கு 105, இன்னும் மூன்று சேர்த்து 210, இன்னும் மூன்று சேர்த்து 315, மிச்சம் ஒன்று, ஆக 350. மூன்று காய்க்கான தொகை அவனுக்கு வழக்கத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

தேங்காய் கேட்டு வந்தவர் ஓர் ஆய்வாளர். பெர்னம்புகோ பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் மூன்று பேர் இந்த ஆய்வைச் செய்தார்கள்: தெரெசினா காரஹர், டேவிட் காரஹர், அனாலூசியா ஷ்லீமன். நாள் முழுக்கச் சந்தையில் காசு எண்ணி மீதி கொடுக்கும் ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் தோற்பது ஏன் என்பது அவர்களைக் குடைந்த கேள்வி. அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த விளக்கம் கொடுமையானது. ஏழை வீட்டில் அறிவுக்குத் தீனி இல்லை, அதனால் பிள்ளையின் மூளை வளரவில்லை என்றார்கள். பல நாடுகளில் கல்வித் திட்டங்களே இந்த எண்ணத்தின் மேல் கட்டப்பட்டன.

மூவரும் செய்தது இதுதான். 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளிடம் சந்தையிலேயே, வாங்க வந்தவர்களாக நின்று, 63 கணக்குகள் கேட்டார்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் சந்தையில் போட்ட அதே எண்களை வைத்தே ஒரு தேர்வு தயாரித்தார்கள். ஒரே வாரத்துக்குள், தாளும் பென்சிலும் கொடுத்து 99 கேள்விகள் கேட்டார்கள். 38 கேள்விகள் வெறும் எண்கள். 61 கேள்விகள், ஒருவர் இத்தனை வாழைப்பழம் வாங்கினால் என்பது போன்ற வாக்கியக் கணக்குகள்.

இப்போது எம் முன்னால் தாளில் இருப்பது 35 × 4. சந்தையில் சில நொடிகளில் போட்ட கணக்கு. அவன் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போடுகிறான். நாலஞ்சு இருபது. பூஜ்யத்தை எழுதி இரண்டை மேலே கொண்டுபோகிறான். இரண்டும் மூன்றும் ஐந்து. ஐந்நாலு இருபது. தாளில் அவன் எழுதிய விடை 200.

நான்கு தேங்காய் 200 என்று சந்தையில் யாராவது சொன்னால் அவனே சிரித்திருப்பான். தாளில் எழுதும்போது அந்த விடை அவனைத் தடுக்கவில்லை. கொண்டுபோன எண்ணை எப்போது கூட்டுவது, எப்போது பெருக்குவது என்ற விதி குழம்பிவிட்டது. சந்தையில் அவனுக்கு விதி தேவைப்படவில்லை. தேங்காய் எவ்வளவு பெறும் என்று தெரியும். ஒரு தப்பு செய்தாலும் அடுத்த நொடியே தொகை உறுத்தும். தாளில் உறுத்துவதற்கு எதுவும் இல்லை.

ஐந்து பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால், சந்தையில் 98.2 சதவீதம் சரி. வாக்கியக் கணக்கில் 73.7 சதவீதம். வெறும் எண்களில் 36.8 சதவீதம். இந்த ஆய்வைப் போர்த்துகீசிய மொழியில் முதலில் எழுதியபோது அவர்கள் வைத்த தலைப்பு, வாழ்க்கையில் பத்து, பள்ளியில் பூஜ்யம். 1985இல் பிரிட்டனின் வளர்ச்சி உளவியல் இதழில் கட்டுரை வந்ததும் இந்த எண்கள் உலகம் சுற்றின.

ஆய்வு முறை கற்பவர்களுக்கு இது ஒரு பாடம். ஏழைப் பிள்ளையைப் பணக்காரப் பிள்ளையோடு ஒப்பிட்டிருந்தால், வித்தியாசத்துக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம்: சாப்பாடு, வீடு, பெற்றோரின் படிப்பு. இங்கே ஒரு பிள்ளை அவனோடேயே ஒப்பிடப்படுகிறான். மூளை அதே மூளை. எண்ணும் அதே எண். மாறியது கேட்ட விதம் மட்டும். அதோடு, சந்தைக் கணக்கு முதலில், தேர்வு பிறகு. பழக்கம் உதவுமென்றால் பின்னால் வந்த தேர்வில்தான் உதவியிருக்க வேண்டும். மதிப்பெண் ஏறியிருக்க வேண்டிய இடத்தில் இறங்கியது. சிறிய ஆய்வுகள் பல மறக்கப்பட்டபோதும் இது நிலைத்ததற்கு இந்தக் கட்டமைப்புதான் காரணம் என்பேன்.

என்றாலும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. மொத்தம் ஐந்து பிள்ளைகள். ஐந்து பேரை வைத்து உலகத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேச முடியுமா? தவிர, இவர்கள் விற்பவர்கள். தினமும் அதே பொருளை அதே விலைக்கு விற்று விடைகளை மனப்பாடம் செய்திருந்தால்? பொருள் விற்காமல், பொருள் செய்யும் இடத்தில் வளரும் பிள்ளைகளின் கணக்கு எப்படி இருக்கும்?

அப்படி ஓர் இடம் மும்பையின் நடுவிலேயே இருந்தது.

*

தாராவியில் கணக்கு காதில் விழுந்துகொண்டே இருக்கும். தோலுக்குச் சதுர அடியில் விலை பேசுகிறார்கள். பொத்தான் குரோசில் வரும். ஒரு குரோஸ் 144. தையலுக்குப் பீஸ் ரேட். ஒரு பைக்கு இவ்வளவு கூலி என்றால் ஒரு நாளைக்கு எத்தனை பை, வாரக் கடைசியில் கைக்கு எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு கழியும் என்று 'காலா' எனப்படும் சிறு பட்டறைகளில் இந்தியிலும் தமிழிலும் மராத்தியிலும் உருதுவிலும் மனக்கணக்கு ஓடுகிறது. விடியும் முன்பே இட்லி வேகவைத்து சைக்கிளில் நகரம் முழுக்க அனுப்பும் தமிழ் வீடுகளில் எத்தனை கிலோ அரிசிக்கு எத்தனை இட்லி, ஒரு டப்பாவில் எத்தனை அடுக்கலாம் என்பது பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும்.

இந்தக் கணக்குக்குத் தமிழர் வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இங்கே தோல் பதனிடும் தொழிலைக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்தே வந்த ஆதிதிராவிடர்கள் அதில் உழைத்தார்கள். பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் போய்விட்டன. பை, பர்ஸ், பெல்ட் செய்யும் பட்டறைகள் நிற்கின்றன. தோல் வெட்டுபவரின் வேலையைக் கவனித்துப் பார்த்தால் அதில் வடிவியல் இருப்பது புரியும். ஆட்டுத்தோல் துணி போல நீள்சதுரமாக வராது. ஓரங்கள் வளைந்திருக்கும், நடுவில் தழும்பு இருக்கும், வயிற்றுப் பக்கம் மெலிந்திருக்கும். அதன் மேல் 'ஃபர்மா' என்னும் அச்சட்டையைத் திருப்பித் திருப்பி வைத்து, தழும்பைத் தவிர்த்து, துண்டு வீணாகாமல் வெட்ட வேண்டும். நூறு சதுர அடியில் எத்தனை பை தேறும் என்பதில்தான் பட்டறையின் லாபமே இருக்கிறது.

இந்தச் சந்துகளில் வளரும் பிள்ளைகள் காலையில் மாநகராட்சிப் பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே அவர்களில் பலர் கணக்கில் 'வீக்'. ரெசிஃபேயின் புதிர் இங்கேயும் அப்படியே இருக்கிறது.

மான்குர்த் மையத்தின் அரிந்தம் போஸும் அவருடைய ஆய்வு வழிகாட்டி கே. சுப்ரமணியமும் 2011 முதல் வெளியிட்ட கட்டுரைகள் இந்தப் புதிருக்குள் இறங்கின. அவர்கள் எடுத்துக்கொண்டது மும்பையின் மிகப் பெரிய, நெருக்கமான உழைப்பாளர் குடியிருப்பு ஒன்று. வீட்டுக்கு வீடு சிறுதொழில். தோல் பொருள், ஜரிகை, ஆடை, கல் பதித்தல், பொத்தான் தைத்தல் என்று அவர்கள் சொல்லும் தொழில்களைத் தாராவிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உருது வழி, ஆங்கில வழி மாநகராட்சிப் பள்ளிகளின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு முதலில் பேசினார்கள். பிறகு வேலை நடக்கும் இடங்களுக்குப் போனார்கள், பார்த்தார்கள், கேட்டார்கள். கடைசியில் அந்த அறிவை வகுப்பறைக்குள் எப்படிக் கொண்டுவரலாம் என்று பாடம் நடத்திப் பார்த்தார்கள்.

ரெசிஃபேயில் ஆய்வாளர் வாடிக்கையாளராக நின்றார். அது ஒரு நறுக்கென்ற பரிசோதனை. சில நிமிடங்களில் ஓர் எண் கிடைத்துவிடும். மும்பையில் பொறுமையாக உடனிருந்து பார்க்கும் முறை. எண்ணாக எளிதில் கிடைக்காது. ஆனால் கேள்வித்தாள் தொட முடியாத இடத்தைத் தொடும். உளவியலில் இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவே நூறு வருடமாக வழக்கு நடக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்று ஒற்றைக் கால்தான் என்பது என் கருத்து.

அவர்கள் கண்டது என்ன? பிள்ளைகள் பாதி, கால், அரைக்கால் என்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும் பின்னங்களில் தேர்ந்தவர்கள். பாவ், ஆதா, பௌனா, சவா என்று இந்தியில் இத்தகைய பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் புழங்குகின்றன. ரூபாய்த் தாள்களையும் நாணயங்களையும் வைத்துப் பெரிய தொகைகளைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்திருந்தது. விகிதக் கணக்கு, அதாவது இவ்வளவுக்கு இவ்வளவு என்றால் அவ்வளவுக்கு எவ்வளவு என்பது, பள்ளி கற்றுக்கொடுக்கும் முன்பே கைவசம் இருந்தது.

இதுவரை எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அடுத்துக் கிடைத்தது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த அறிவு ஒரே அளவில் இல்லை. வறுமையோ வயதோ அந்த வித்தியாசத்துக்கு முழு விளக்கமாக இல்லை. வேலையின் தன்மை குறுக்கே வந்தது. நாள் முழுக்க ஒரே கல்லை ஒரே இடத்தில் ஒட்டும் பிள்ளைக்குக் கிடைக்கும் கணக்கு குறுகலானது. சரக்கு வாங்கப் போகும், விலை பேசும், எத்தனை பீஸ் எப்போது முடியும் என்று முடிவெடுக்கும் வேலையில் கூட நிற்கும் பிள்ளைக்குக் கணக்கு விரிகிறது. முடிவெடுக்கும் உரிமை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அறிவு வளர்கிறது. ஃபர்மாவும் முன்பே வெட்டிவைத்த துண்டும் வேலையைச் சுலபமாக்குகின்றன. கூடவே அளவை என்ற கணக்கைப் பிள்ளையின் கண்ணிலிருந்து மறைத்தும்விடுகின்றன.

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். தெருப் பிள்ளையின் மனக்கணக்கைப் பார்த்து வியப்பவர்கள் அடுத்த வாக்கியத்திலேயே, பிள்ளைகள் வேலை செய்தால்தான் அறிவு வளரும் என்று சொல்லிவிடுகிறார்கள். மும்பை ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பள்ளியை உரிமையாக்கியிருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் கல் ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பெரிய கணிதம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைப்பது கண் வலி. அவளுக்குப் பள்ளியும் வேண்டும். பள்ளி அவளுக்குத் தெரிந்ததைத் தெரிந்ததாக ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

ஆனால் ஐந்து பேர் என்ற முள் இன்னும் போகவில்லை. ஒரு குடியிருப்பில் ஆழமாகப் பார்த்த ஆய்வும் அதை எடுத்துவிடாது. அதற்குக் கொல்கத்தாவின் சந்தைகளில் ஒரு பெருங்கூட்டம் காத்திருந்தது.

*

800 கிராம் உருளைக்கிழங்கு, கிலோ 20 ரூபாய். ஒரு கிலோ 400 கிராம் வெங்காயம், கிலோ 15 ரூபாய். கையில் 200 ரூபாய்த் தாள். மீதி எவ்வளவு?

வாசகர்கள் தாளை எடுக்காமல் போட்டுப் பாருங்கள். கிழங்கு 16, வெங்காயம் 21, ஆக 37. மீதி 163. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் விற்கும் பிள்ளைகளிடம் இப்படி வேண்டுமென்றே விந்தையான அளவுகளைக் கேட்டார்கள். அரைக் கிலோ, ஒரு கிலோ என்றால் மனப்பாடமாக இருக்கலாம், 1.4 கிலோவை யாரும் மனப்பாடம் செய்துவைப்பதில்லை. இரண்டாவது முயற்சிக்குள் 95 முதல் 98 சதவீதம் வரை சரியாகச் சொன்னார்கள்.

இந்த ஆய்வு 2025இல் நேச்சர் இதழில் வந்தது. 2019இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும், குழந்தைகளின் எண்ணறிவை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கியும் ஆய்வுக் குழுவில் இருந்தார்கள். சந்தைப் பிள்ளைகள் மட்டும் 1,436 பேர்.

பிறகு தாளை நீட்டினார்கள். அந்தத் தாளின் வகைக்கும் மும்பைக்கும் ஓர் உறவு உண்டு. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1995இல் பிறந்த பிரதம் அமைப்பு, 2005 முதல் நாடு முழுக்க வீடு வீடாகப் போய் நடத்தும் 'ஆசர்' கணக்கெடுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அத்தகைய தாள்தான்: இரண்டிலக்கக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். சந்தையில் தடுமாறாத பிள்ளைகளில் வகுத்தலைச் சரியாகப் போட்டவர்கள் 32 சதவீதம். இரண்டு கழித்தலையும் சரியாகப் போட்டவர்கள் 54 சதவீதம்.

ரெசிஃபேயின் ஐந்து பேர் சொன்னதை ஆயிரத்து நானூறு பேர் சொன்னார்கள். பயமா? பழகிய வடிவில் கேட்டும் பார்த்தார்கள். அக்கறையின்மையா? சரியான விடைக்குப் பரிசு வைத்தும் பார்த்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் உதவுகிறாரா? அதையும் கவனித்தார்கள். மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகும் இடைவெளி அப்படியே நின்றது. ஒரு முடிவை நம்பச் சொல்லும் முன் அதைப் பொய்யாக்க எத்தனை வழி உண்டோ அத்தனையையும் ஆய்வாளரே முயன்று பார்க்க வேண்டும். இந்த ஒழுக்கத்தை உளவியல் பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே வைக்க வேண்டும்.

இங்கே வரைக்கும் பள்ளிக்கூடத்தின் பக்கம் ஒரு நியாயம் மிச்சம் இருந்தது. சந்தைப் பிள்ளைக்குத் தாள் கணக்கு வரவில்லை, சரி. பள்ளிப் பிள்ளைக்காவது வருகிறதே என்று சொல்லிக்கொள்ளலாம். ஆய்வாளர்கள் அருகிலுள்ள பள்ளிகளுக்குப் போய், சந்தையில் விற்றே பழக்கமில்லாத 471 பிள்ளைகளை அழைத்தார்கள். தாளில் இருந்த எளிய கணக்குகளை அவர்கள் சந்தைப் பிள்ளைகளைவிட நன்றாகவே போட்டார்கள். பிறகு சந்தைக் கணக்கு ஒன்றைக் கேட்டார்கள். வேலை செய்யும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விடை கண்ட கணக்கு அது.

பள்ளிப் பிள்ளைகளில் விடை கண்டவர்கள் ஒரு சதவீதம்.

அவர்கள் எழுத்தில் நீட்டி நீட்டிப் போட்டார்கள், பெருக்கலையும் கழித்தலையும் ஒன்றாகச் சேர்க்க முடியவில்லை, நேரம் போனது. பள்ளிக் கணக்கு சந்தைக்கு வரவில்லை. சந்தைக் கணக்கு பள்ளிக்குப் போகவில்லை. ஒரே நகரத்தில், ஒரே வயதில், இரண்டு கூட்டமும் ஒன்றுக்கொன்று ஊமை.

*

ஓர் இடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குத் தானே நடந்து போகும் என்பது பழைய நம்பிக்கை. லத்தீன் படித்தால் மூளை கூர்மையாகும், கூர்மையான மூளை எதையும் வெட்டும் என்று ஐரோப்பியப் பள்ளிகள் நூற்றாண்டுகளாக நம்பின. 1901இல் எட்வர்டு தார்ன்டைக்கும் ராபர்ட் உட்வொர்த்தும் அதைச் சோதித்தார்கள். செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடப் பயிற்சி கொடுத்தார்கள். ஆட்கள் நன்றாகத் தேறினார்கள். பிறகு வேறு வடிவங்களையும் வேறு அளவுகளையும் காட்டினார்கள். செவ்வகத்தில் பெற்ற தேர்ச்சியில் கொஞ்சமே அங்கே வந்து சேர்ந்தது. இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ அவ்வளவுதான் திறமை இடம்பெயரும் என்று அவர்கள் முடிவுகட்டினார்கள்.

தார்ன்டைக்கின் கண்ணால் பார்த்தால், நான்கு தேங்காய்க்கும் 35 × 4 என்ற தாளுக்கும் பொதுவானது எண்கள் மட்டுமே. கையில் கனக்கும் காய், எதிரே காத்திருக்கும் ஆள், தப்பினால் கைக்காசு போகும் என்ற பொறுப்பு, இவை எதுவும் தாளில் இல்லை. காமத்தின் அறையிலும் இல்லை. அந்த அறையில் அளக்கப்பட்டது, பிள்ளையும் அந்தக் கேள்வியும் சந்தித்த ஒரு சில நிமிடங்கள். அதைப் பிள்ளையின் அறிவு என்று எழுதி, ஓர் எண்ணைக் கொடுத்து, ஆயுளுக்கும் ஒட்டிவிட்டார்கள். ஒரு சோதனை தான் அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா என்ற கேள்விக்கு உளவியலில் ஏற்புடைமை என்று பெயர். திரும்பத் திரும்ப அளந்தாலும் அதே எண் வருகிறதா என்பது நம்பகத்தன்மை. 36.8 சதவீதம் என்பது மறுபடி மறுபடி அளந்தாலும் வரக்கூடும். அந்த எண் அளந்தது என்ன என்று யார் கேட்பது? தாராவியில் 'வீக்' என்று எழுதப்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு முன்னாலும் இந்தக் கேள்வி நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, இரண்டு கணக்குகளும் எப்போதும் இப்படிப் பிரிந்துதான் இருந்தனவா?

இல்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. சென்னை மாகாணத்தில் உள்ளூர்ப் பள்ளிகள் எத்தனை என்று எண்ணிச் சொல்லும்படி ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களுக்கு உத்தரவிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு நிற்கிறது. தமிழ்ப் பகுதியின் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை ஓதினார்கள். முழு எண்ணோடு நின்றுவிடவில்லை. கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களின் பெருக்கலும் நாவில் இருந்தது. நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் கூலி பிரிக்கவும் அடுத்த நாளே வேண்டிய கணக்கு அது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட நூலில் காட்டுவது போல, அங்கே மனப்பாடம் என்பது சிந்தனைக்கு எதிரி இல்லை. அதுதான் கணக்குப் போடும் கருவி.

மன்றோவின் கணக்கெடுப்புக்கு முன்பே, அத்தகைய ஒரு திண்ணையை, மணலில் விரலால் எழுதிய பிள்ளைகளை, சென்னைக் கடற்கரை வழியாகக் குதிரையில் போன ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார் கண்டார். ஆண்டுரு பெல். எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆதரவற்ற மகன்களுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்தியவர். 1797இல் லண்டனில் அவர் அச்சிட்ட சிறு நூலின் தலைப்பிலேயே 'பரிசோதனை' என்ற சொல் இருக்கிறது. அந்தப் பரிசோதனை பின்னால் இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான பள்ளிகளை மாற்றப்போகிறது. அதற்கு ஒப்பீட்டுக் குழு இருந்ததா? திண்ணையிலிருந்து அவர் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார்?

கடற்கரையிலிருந்து திரும்பிய பெல், மணலில் எழுத்துக் கற்றுக்கொடுக்கும்படி தன் பள்ளி ஆசிரியரிடம் சொன்னார். ஆசிரியர் முடியாது என்றார். பெல் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். மாணவர்களிலிருந்து ஒருவனை அழைத்து, கடைசி வகுப்பின் ஆசிரியராக நிறுத்தினார். அவன் பெயர் ஜான் ஃபிரிஸ்கன். வயது சுமார் எட்டு.

(தொடரும்)